‘நீங்க ஓட்டுங்க, நான் சும்மா வாரேன்’

பேசாமல் இருந்தது போதும். தவமணி இறந்ததிலிருந்து இந்த முகநூல் குழுவில் வரும் அஞ்சலிகளை எல்லாம் படித்துக்கொண்டிருக்கிறேன். அருப்புக்கோட்டையிலும் திருச்சுழியிலும் வண்டி வைத்திருக்கும் ஒவ்வொருவருக்கும் அவனைப் பற்றிச் சொல்ல ஒரு கதை இருக்கிறது. எனக்கும் இருக்கிறது. அவனோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து ஆட்டோமொபைல் படித்தவன் நான். அவன் பட்டறைக்கு எதிரிலேயே பட்டறை வைத்து, அவன் வாசலில் நிற்கும் வண்டிகளைப் பார்த்துக்கொண்டே தொழில் செய்தவன்.

செய்தி வந்த காலையில் ஒரு ஜீப்புக்கு அடியில் படுத்திருந்தேன். லோடு ஆட்டோக்காரர் ஒருவர் வாசலில் வந்து நின்றார். “விசயம் தெரியுமாண்ணே? தவமணியண்ணன் போயிட்டாக. நெஞ்சு வலியாம்.” நான் வெளியே வருவதற்குள் அவரே தொடர்ந்தார்: “இனிமே என்ன செய்ய? ஒங்ககிட்டத்தான் வரணும்.” அவர் கண் கலங்கியிருந்தது. அவன் போனதற்காகவா, என்னிடம் வர வேண்டியிருப்பதற்காகவா என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

கல்லூரியில் வகுப்பில் முதல் மதிப்பெண் எனக்குத்தான். அவன் நடுவில் எங்கோ இருப்பான். வாய்மொழித் தேர்வுக்கு வெளியூரிலிருந்து வந்தவர் அவனிடம், ஆட்டோமேட்டிக் வண்டியில் கிளட்ச்சுக்குப் பதிலாக இருக்கும் டார்க் கன்வெர்ட்டர் என்றால் என்ன என்று கேட்டார். “ரெண்டு ஃபேனை எதிரெதிரா வச்சு, ஒண்ணை ஓடவிட்டா அந்தக் காத்துல இன்னொண்ணும் சுத்தும்ல சார், அதான். காத்துக்குப் பதிலா ஆயிலு” என்றான். அவர் சிரித்துவிட்டு அவன் தோளில் தட்டினார். அடுத்துப் போன நான் படம் வரைந்து, சூத்திரம் எழுதிக் காட்டினேன். “சரி, போ” என்றார். அந்த ஃபேன் உதாரணத்தை முதல் நாள் விடுதியில் அவனுக்குச் சொல்லிக்கொடுத்தவன் நான்.

இப்போது எல்லோரும் எழுதும் அந்த பிக்கப் விஷயத்துக்கு வருகிறேன். திருச்சுழிப் பக்கத்து விவசாயி சங்கரபாண்டி அண்ணாச்சிக்கு ஒரு விபத்துக்குப் பிறகு இடது முழங்கால் மடங்காது. கிளட்ச் மிதிக்க முடியாது என்பதால், தானாகக் கியர் மாறும் பிக்கப் வாங்கியிருந்தார். கொஞ்ச நாளில் அது ஓடும்போதே ‘டம்’மென்று அடித்துக் கியர் விழ ஆரம்பித்தது. மதுரையில் கியர்பாக்ஸையே இறக்கிப் பார்க்க வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். “இந்த வண்டி போச்சுன்னா நான் இன்னொருத்தன் ஓட்ட, பக்கத்துல பொம்ம மாதிரி உக்காந்து வரணும்ப்பா” என்று என்னிடம் கொண்டுவந்தார்.

முறைப்படி பார்த்தேன். கியர் ஆயில் அளவு சரி, கருகல் வாடை இல்லை. ஸ்கேனரில் எந்தக் கோளாறும் பதிவாகவில்லை. நானே திருச்சுழி வரை ஓட்டிப் போய் வந்தேன். வெண்ணெய் மாதிரி மாறியது. பிறகு ஸ்கேனரை மாட்டிவிட்டு அவரை ஓட்டச் சொல்லி அனுப்பினேன். திரும்பி வந்ததும் பதிவை எடுத்துப் பார்த்தால் விஷயம் வெட்டவெளிச்சம். ஒவ்வொரு அடிக்கும் சற்று முன்னால் கியர் லிவர் நியூட்ரலுக்குப் போயிருக்கிறது. நம் பக்கத்து ஆட்களின் பழக்கம்தான். இறக்கம் வந்தால் டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் உருட்டுவது. கண்மாய்க்கரை இறக்கத்தில் இவரும் உருட்டிவிட்டு, கீழே வந்ததும் வேகத்தோடு மறுபடி ஓட்டும் கியரான டிரைவுக்குத் தள்ளுகிறார். ஆட்டோமேட்டிக் வண்டி அதைத் தாங்காது. டீசலும் மிச்சமாகாது.

“வண்டில ஒண்ணுமில்ல. கோளாறு ஓட்டுறவர்கிட்ட இருக்கு” என்றேன். இதில் ஒரு சொல்லாவது பொய்யா?

“நீ பொறக்குறதுக்கு முன்னாடியே டிராக்டர் ஓட்டுனவன்டா நான்” என்று சாவியைப் பிடுங்கிக்கொண்டு நேரே எதிர்ப்பட்டறைக்குப் போனார்.

சாயங்காலம் டீக்கடையில் தவமணி கேட்டான்: “ஏலே, அண்ணாச்சி ஏன் இந்தக் கொதி கொதிக்காக?” சொன்னேன். “நீ பாத்தது சரிதாம்லே. கோளாறு வண்டில வருது, கோவம் ஆளுக்கு வருது. ரெண்டையும் பாக்கணும்ல” என்றான். இப்படிப் பேசியே பிழைத்தான்.

மறுநாள் நடந்ததை அண்ணாச்சியே ஊர் முழுக்கச் சொல்லிவிட்டார். தவமணி ஸ்கேனரைத் தொடவில்லை. “நீங்க ஓட்டுங்க அண்ணாச்சி, நான் சும்மா வாரேன்” என்று இடதுபக்கம் ஏறிக்கொண்டான். கண்மாய்க்கரை இறக்கத்தில் அவர் கை லிவருக்குப் போனபோது, லிவர் டிரைவிலேயே நிற்கும்படி அந்தக் கைமேல் தன் கையை வைத்தான். “இவன் பழைய வண்டி மாதிரி இல்ல. எறக்கத்துல கைய விட்டா மொறச்சுக்கிருவான். பிடிச்சே கூட்டிட்டுப் போங்க.” அன்றோடு அடி நின்றது. பெயர் அவனுக்குப் போனது. தொட்டுப் பார்த்தே கோளாறு சொல்லும் கைராசிக்காரன் என்று இங்கே நீங்கள் எழுதுவது இதைத்தான்.

பதினாறாம் நாள் காரியத்தில் பந்திக்கு உட்கார்ந்தபோது பக்கத்து இலையில் அண்ணாச்சி. அடக்க முடியவில்லை. “அந்த எறக்கத்து விசயத்தக் கண்டுபிடிச்சது நான், அண்ணாச்சி” என்றேன்.

“தெரியும்ப்பா. தவமணித் தம்பி அன்னைக்கே சொல்லுச்சே.”

அப்பாடா என்று ஒரு கவளம் எடுத்து வாயில் வைத்தேன். அதை நிம்மதியாக விழுங்குவதற்குள் அவர் தொடர்ந்தார்:

“‘நான் கண்டுபிடிக்கல அண்ணாச்சி, அவன்தான். போய் அவன்கிட்ட ஒரு வார்த்த சொல்லிட்டு வாங்க’ன்னுச்சு. என்னா மனசு பாரு! எதுத்த கடைக்காரனும் பொழைக்கட்டும்னு வாய் கூசாம ஒரு பொய்யச் சொல்லுச்சுல்ல!” அண்ணாச்சி துண்டால் கண்ணைத் துடைத்தார். “ரசம் வாங்கிக்க.”

உண்மையைச் சொன்னதற்கும் அவனுக்கே பாராட்டு. அவன் என் பெயரை மறைத்திருந்தால் திருடன் என்று நிம்மதியாக வெறுத்திருப்பேன். அதற்கும் இடம் வைக்காமல் போய்விட்டான்.

அவனிடமிருந்து எனக்கு மிஞ்சியது ஒரு வாசகம். நேற்று ஒரு டிரைவர் கியர் சுணங்குகிறது என்று வந்தார். ஸ்கேனர் கையிலிருந்தது. ஆனால் வாயில் வந்தது, “நீங்க ஓட்டுங்க, நான் சும்மா வாரேன்.” அவர் என்னை ஒருமாதிரி பார்த்துச் சிரித்தார். “தவமணியண்ணன் மாதிரியே சொல்லுறீக.”

யார் எழுதியது என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். தெரியட்டும். ஆனால் கீழே பெயரைப் போட்டால், “அவனே எழுதிட்டானப்பா, தவமணி எப்பேர்ப்பட்ட ஆளு!” என்பீர்கள். அந்தப் பெருமையும் அவனுக்கே போகும். அதனால் பெயரில்லாமல் பதிவிடுகிறேன்.