முதலில் எண், பிறகு அழைப்பு

அலுவலகத்தில் எல்லோருக்கும் அவர் ஆபரேட்டரம்மா. பதினோரு வருடம் ஒரு மருத்துவமனையின் தொலைபேசி அறையில் உட்கார்ந்திருந்தவர். முப்பத்தெட்டு வயதில் ஜாவாஸ்கிரிப்ட் கற்றுக்கொண்டு, நோயாளிகளை டயாலிசிஸுக்கு வேனில் அழைத்துப்போகும் இந்த நிறுவனத்தில் சேர்ந்தார். பெரிய மேதை என்று சொல்லிவிட முடியாது. ஆனால் ஒரு கேள்வியைப் பிடித்தால் உடும்புப் பிடிதான்.

நிறுவனத்துச் செயலியில் பதினான்கு திரைகள். ஒவ்வொன்றும் சர்வரோடு பேசத் தனியாக ஒரு நிரல் வைத்திருந்தது. சர்வரின் முகவரி மாறினால் பதினான்கு இடத்தில் திருத்த வேண்டும். ஒன்று எப்படியும் விட்டுப்போகும். மூன்று மாதத்தில் அத்தனையையும் அவர் ஒரே கோப்புக்குள் கொண்டுவந்தார். எங்கே கேட்பது, எவ்வளவு நேரம் காத்திருப்பது, பதில் வராவிட்டால் மறுபடி கேட்பது எல்லாம் இனி அதன் பொறுப்பு. திரையை எழுதுகிறவர் ஒரு வரியில் வேனைக் கேட்டால் போதும். யாரும் பாராட்டவில்லை. ஒழுங்காகத் தண்ணீர் வரும் குழாயை யார் பாராட்டுகிறார்கள்?

செவ்வாய்க்கிழமை காலை சர்வர் மந்தமாக இருந்தது. ஒரே வீட்டு வாசலில் இரண்டு வேன்கள் போய் நின்றன. இன்னொரு தெருவில், ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் தனக்கு வரவேண்டிய அந்த இரண்டாவது வேனுக்காக முக்கால் மணி நேரம் நின்றார்.

மேனேஜர் நேரே அவர் மேசைக்கு வந்தார். "உங்க ஃபைல்தானேம்மா ரெண்டு தடவை அனுப்பிச்சிருக்கு?"

"ஆமா சார். தப்பு என்னோடதுதான்."

"நாலு மணிக்குள்ள அதைத் தூக்கிடுங்க. பழையபடி அவங்கவங்க கோட் அவங்கவங்களுக்கு."

"நாலு மணி வரைக்கும் டைம் இருக்குல்ல சார்? சரி பண்ணிக் காட்டுறேன்."

மேனேஜர் கடிகாரத்தைப் பார்த்தார். மறுக்கவில்லை.

பழையபடி போனால் தவறு ஒழியாது, பதினான்கு இடத்தில் ஒளிந்துகொள்ளும். அதில் ஆபரேட்டரம்மாவுக்குச் சந்தேகமே இல்லை.

சர்வர் பக்கம் எழுதுகிறவன் அவருடைய கொழுந்தன். நாற்காலியை உருட்டிக்கொண்டே வந்தான். "வீட்லதான் எதையும் ரெண்டு தடவை சொல்வீங்க. இங்கயுமா அண்ணி?"

"வீட்ல நீ ஒரு தடவைகூடச் செய்யமாட்ட. இங்க ரெண்டு தடவையும் செஞ்சு தொலைச்சிட்ட. காதுல வாங்கிட்டு வாயைத் திறக்காம இருந்தா, கேக்கலைன்னுதானே நெனப்பேன்?"

சொன்ன பிறகுதான் அவருக்கே உறைத்தது. பதில் வரவில்லை என்பதும், சொன்னது போய்ச் சேரவில்லை என்பதும் ஒன்றல்ல. தொலைபேசி அறையில் இது அவருக்குத் தினசரிப் பாடம். யாராவது ஆம்புலன்ஸ் கேட்டால் முதலில் சீட்டில் ஒரு எண் எழுதுவார், அப்புறம்தான் அழைப்பார். பாதியில் லைன் அறுந்தால் மறுபடி கூப்பிட்டு, "நாற்பத்தேழு" என்பார். "நாற்பத்தேழு கிளம்பியாச்சு" என்று எதிர்முனை சொல்லும். இரண்டாவது வண்டி ஒருநாளும் போனதில்லை.

"நான் கேக்கும்போதே ஒரு நம்பரும் சேர்த்து அனுப்பறேன். அதே நம்பர் மறுபடி வந்தா புது வேன் அனுப்பாத. முன்னாடி சொன்ன பதிலையே சொல்லு."

மூன்று மணிக்குச் சோதித்தார்கள். கொழுந்தன் சர்வரை வேண்டுமென்றே தூங்கவைத்தான். கோப்பு இரண்டு முறை கேட்டது; ஒரு வேன்தான் பதிவானது. உடனே அவன் பொறுமையில்லாதவன் மாதிரி, செயலியில் வேன் கேட்கும் பொத்தானை இன்னொரு தரம் தட்டினான். இரண்டாவது வேன் முளைத்தது.

"போச்சு அண்ணி."

"போகல, இரு. சீட்டை நான் டயல் பண்ணும்போதா எழுதினேன்? ஆள் வந்து கேட்டதுமே எழுதினேன்."

ஒவ்வொரு தட்டலுக்கும் புதிதாகப் பிறந்த எண்ணைப் பொத்தானிலிருந்து எடுத்து, பதிவுப் படிவம் திறக்கும் இடத்துக்கு நகர்த்தினார். நகர்ந்தது ஒரே வரி. ஒரு தேவைக்கு ஓர் எண். அதை எத்தனை தடவை சொன்னாலும் அது ஒரே தேவைதான்.

நாலு மணிக்கு மேனேஜர் தன் விரலாலேயே மூன்று முறை தட்டிப் பார்த்தார். பட்டியலில் ஒரு வேன். மறுபடி தட்டினார். அதே வேன்.

"சரி, இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

வியாழக்கிழமை காலை ஆபரேட்டரம்மா எல்லோருக்கும் முன்னால் வந்து கணினியில் அன்றைய வேன் பட்டியலைத் திறந்தார். சர்வர் அன்றும் மந்தம்தான். அவர் தேடிய வரி நடுவில் இருந்தது. ஆசிரியரின் பெயர். கேட்டது: மூன்று முறை. போனது: ஒரு வேன். ஏறியது: காலை ஆறு பத்து.