தண்ணீர் வராத கால்வாய்

அந்த வருஷம் சூரியனுக்கே சீக்கு வந்துவிட்டது. நட்ட நடுப்பகலிலும் மங்கல் வெளிச்சம்தான், திராட்சை பழுக்கவேயில்லை. நேப்பிள்ஸில் எல்லோரும் அதற்குப் பழகிக்கொண்டார்கள். அசெல்லாவுக்கு மட்டும் இருப்புக் கொள்ளவில்லை. கெட்டது வரப்போகிறது என்று வீடு வீடாகப் போய்ச் சொன்னாள். ஊர் சிரித்தது.

கெட்டது வந்தது. கிழக்கத்திச் சக்கரவர்த்தியின் படை ஊரை வளைத்து, மலைத் தண்ணீரை மதிலுக்குள் கொண்டுவரும் குகைபோன்ற மூடிய கால்வாயை வெட்டிவிட்டது. அதற்கும் ஊர் சிரித்தது. தெருவுக்குத் தெரு கிணறு இருந்ததே! பொதுக் குளியல்கூடம் மட்டும் மூடிக் கிடந்தது. அங்கே அடுப்பு எரிப்பவன் அவள் புருஷன் மரினஸ். மகன் லியோ கோட்டை மதிலின் வடக்குக் கோபுரத்தில் காவல்.

மகனுக்கு ரொட்டி கொண்டுபோகும் வழியில், கூடத்தின் பின்னால் காய்ந்து கிடந்த கால்வாய்க்குள் சுரண்டும் சத்தம் அசெல்லாவுக்குக் கேட்டது.

"எலியா இருக்கும்," என்றான் மரினஸ். "சூரியனையே விடாதவ, எலியையா விடப்போறே?"

"எந்த எலிங்க மத்தியானச் சாப்பாட்டுக்கு வேலைய நிறுத்தும்? நிறுத்திட்டுத் திரும்ப ஆரம்பிச்சுது. அடைச்சிடணும்."

தெருத்தலைவர் ஒப்பவில்லை. "நாளைக்குத் தண்ணி வந்தா யாரும்மா இடிக்கிறது? ஊரு குளிக்க வேணாமா?"

எங்கள் ஊர்க்காரன் ரொட்டியில்லாமல்கூட இருப்பான், வெந்நீர்க் குளியல் இல்லாமல் இருக்கமாட்டான். அசெல்லா யாரையும் நம்பவில்லை. குளியல்கூடத்து அடுப்படியில் அடுக்கியிருந்த செங்கலைச் சுமந்துபோய், களிமண் பூசி, கால்வாயின் வாயைத் தானே அடைத்தாள். அந்த வருஷத்திலேயே முதல்முறையாக நிம்மதியாகத் தூங்கினாள். "கோட்டைய நீதாம்மா காப்பாத்துறே, எங்களுக்கெதுக்குச் சம்பளம்," என்று லியோ கேலி செய்தான்.

சமாதானம் வரப்போகிறது என்று சந்தையில் பேச்சு கிளம்பியது. திடீரென்று தண்ணீர் வந்து முட்டினால் பழி தன் தலையில் விடியும் என்று மரினஸ் பயந்தான். செங்கலை ஓசைப்படாமல் பிரித்து, பழைய இடத்திலேயே அடுக்கிவைத்தான். இப்போதுதான் தூங்குகிறாள், எதற்குச் சொல்ல வேண்டும் என்று விட்டுவிட்டான்.

அன்று ராத்திரி படை அந்த வாய் வழியாகத்தான் வந்தது. முதலில் ஏறியது வடக்குக் கோபுரத்தில். லியோவுக்குக் கத்தக்கூட நேரமில்லை.

சண்டை ஓய்ந்து, கால்வாயைச் சரிசெய்து தண்ணீர் விட்டார்கள். ஊரே துண்டும் எண்ணெயுமாகக் கிளம்பியது. மரினஸ் அடுப்பு மூட்டிக்கொண்டிருந்தான். சாப்பாடு கொண்டுவந்த அசெல்லா செங்கல் அடுக்கைப் பார்த்தாள். அவள் பூசிய களிமண் அதில் காய்ந்து ஒட்டியிருந்தது.

"எப்ப எடுத்தீங்க?"

"தண்ணி வந்துருமேன்னு..."

"வந்துருச்சுல்ல," என்றாள். "போய்க் குளிங்க."