பத்து மணிப் பால்

போன வாரம் ஹட்டனிலிருந்து நோர்வூட் போகும் பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்த பெண்ணின் சேலையிலிருந்து ஒரு வாசனை வந்தது. பச்சைக் கொழுந்தும் காய்ந்த தாய்ப்பாலும் கலந்த புளிப்பு வாசனை. தெரியாதவர்களுக்கு அது அழுக்குத் துணி நாற்றம். எனக்கோ காதுமடல் சூடேறிவிட்டது. அறுபதைத் தாண்டியவள் பஸ்ஸில் உட்கார்ந்து வெட்கப்பட்டால் பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள்! நல்லவேளை, யாரும் பார்க்கவில்லை.

எங்கள் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவின் வாசனை அது. கொழுந்து பறிக்கப் போகும் தாய்மார் விடிந்ததும் கைக்குழந்தைகளை அங்கே விட்டுவிட்டுப் போவார்கள். கூரைக்கட்டையிலிருந்து பழஞ்சேலைத் தொட்டில்கள் வரிசையாகத் தொங்கும். எண்பதுகளின் தொடக்கத்தில், கொஞ்சம் படித்திருந்ததால், எனக்கு அங்கே வேலை கிடைத்தது. கண்டியில் சில வாரம் பயிற்சி. பிள்ளையோடு பேசிக்கொண்டே குளிப்பாட்ட வேண்டும், விளையாடக் களிமண் கொடுக்க வேண்டும், தாய்ப்பாலை நிறுத்தக் கூடாதென்று தாய்மாருக்குச் சொல்ல வேண்டும். திரும்பி வந்ததும் எல்லோரும் என்னை டீச்சர் என்றார்கள். அந்த ஒரு சொல்லுக்காகவே வெள்ளைச் சேலை கட்டினேன். மூக்கொழுகும் பிள்ளைகளுக்கு நடுவில் வெள்ளைச் சேலை என்ன பாடுபடும் என்பதை நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

அந்தச் சமயத்தில்தான் என் அம்மா முழுகாமல் இருந்தாள். நான் மூத்தவள், எனக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தார்கள். பொல்பிட்டியவிலிருந்து பெண் பார்க்க வந்த அன்று, அம்மா கம்பளியைப் போர்த்திக்கொண்டு அடுப்படியை விட்டு வெளியே வரவில்லை. "அவளுக்குக் காய்ச்சலுங்க" என்றார் அப்பா. பொய் சொல்லிப் பழகாத மனிதர், சொல்லும்போதே கழுத்தெல்லாம் வேர்த்துவிட்டது. தேத்தண்ணி குடித்துவிட்டுப் போனவர்கள் மறுபடி வரவில்லை.

தம்பி பிறந்தான். பிரசவ லீவு முடிந்த அன்று காலையில் அம்மா அவனைத் தூக்கிக்கொண்டு பிள்ளைக்காம்பரா வாசலுக்கு வந்தாள். மற்றத் தாய்மாரைப் போலவே நின்று, "இந்தாங்க டீச்சர்" என்று என்னிடம் நீட்டினாள். விளையாட்டாகச் சொன்னாளா, மரியாதைக்குச் சொன்னாளா, இன்றுவரை எனக்குத் தெரியாது.

பத்து மணிக்குப் பால் கொடுக்கத் தாய்மார் மலையிலிருந்து ஓடி வருவார்கள். இடுப்பில் கட்டிய ஈரப் படங்குச் சாக்கை அவிழ்த்துப் போட்டுவிட்டுச் சுவரோரம் உட்காருவார்கள். அம்மாவும் அவர்களில் ஒருத்தியாக உட்கார்ந்தாள். முதல் நாளே ஒருத்தி, "ஆத்தாளும் மகளும் சேந்து தொட்டில் கட்டலாம்னு இருந்திருக்காங்க, ஆத்தா முந்திக்கிட்டா" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். கெட்ட மனசில்லை, மழையில் நனைந்து வந்தவர்களுக்குச் சிரிக்க ஏதாவது வேண்டியிருந்தது. நான் மாப்பால் டின்னை அடுக்குவது போலத் திரும்பிக்கொண்டேன். அம்மா முந்தானையை முகம்வரை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

அடுத்த வாரம் அவள் வருவதை நிறுத்திவிட்டாள். "மலை தூரமா இருக்குடி. மாப்பாலக் கரைச்சுக் குடு" என்றாள். கொடுத்தேன். உண்மையில், எனக்கு அது நிம்மதியாகக்கூட இருந்தது.

பிள்ளைகளை நிறுக்கும் நாள் வந்தது. கினிகத்தேனையிலிருந்து வந்திருந்த மருத்துவிச்சி சிங்களப் பெண்மணி, தமிழைத் தட்டுத்தடுமாறிப் பேசுவார். தம்பியைத் தராசிலிருந்து இறக்கியவர், அவன் தொடைத்தோலை விரலால் இழுத்துப் பார்த்தார்.

"இந்தப் புள்ள எளைச்சுப் போச்சு. அம்மா யாரு?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். "எங்கம்மா" என்றேன். அவருக்குக் கேட்கவில்லை. இன்னொரு தடவை சொல்ல வேண்டியிருந்தது.

"அப்ப போய்க் கூட்டிட்டு வாங்க, மிஸ்."

தம்பியைத் தூக்கிக்கொண்டு நானே மலையேறினேன். வெள்ளைச் சேலை தேயிலைச் செடிகளில் மாட்டி மாட்டிக் கிழிந்தது. "என்னா டீச்சர், மலைக்கே வந்துட்டீங்க?" என்றார் கங்காணி. நான் மேலே பார்த்துக் கத்தினேன்.

"அம்மா! தம்பிக்குப் பசிக்குது, வாம்மா!"

பறித்துக்கொண்டிருந்த கைகளெல்லாம் நின்றன. அம்மா கூடையோடு இறங்கி வந்தாள். அன்று மழையில்லை, ஆனால் அவள் சட்டையின் முன்பக்கம் நனைந்து கிடந்தது. மழைத்தண்ணி ஓட வெட்டிய கான் ஓரத்தில் உட்கார்ந்து பிள்ளையை வாங்கினாள். மேலே இருந்தவர்களுக்கு முதுகைக் காட்டி, சேலைத் தலைப்பை விரித்துப் பிடித்துக்கொண்டு நான் நின்றேன்.

"ஏம்மா வராம இருந்த?"

"ஒனக்குக் கொறச்சலா இருக்கும்னுதான்" என்றாள். பிள்ளை மூச்சு முட்டக் குடித்துக்கொண்டிருந்தான். தலையைத் தூக்காமலே, "எனக்கும் வெக்கமா இருந்துச்சுடி. தண்ணி புடிக்கிற பீலிக்கரையில யாரும் இல்லாத நேரமாப் பாத்துப் பீச்சி ஊத்துவேன்" என்றாள்.

மறுநாளிலிருந்து பத்து மணிக்கு வந்தாள். என் வெட்கம் போய்விட்டதென்று சொன்னால் பொய். அவள் உள்ளே வரும்போதெல்லாம் காது சுட்டது. ஆனாலும் அவளுக்குப் பாய் விரித்துப்போட்டேன். தம்பிக்குக் கன்னம் வைத்தது.

அம்மாவுக்குக் கொள்ளி வைத்தவன் அவன்தான். இப்போது கொழும்பில் கடை வைத்திருக்கிறான். இதெல்லாம் அவனுக்குத் தெரியாது, எப்படி ஆரம்பிப்பதென்று எனக்கும் தெரியவில்லை. பிள்ளைக்காம்பராவுக்குப் புதுக் கட்டடம் வந்துவிட்டது. சுவரெல்லாம் யானையும் முயலும், தொட்டில்கள்தான் இல்லை. தாய்மாரில் பாதிப்பேர் வெளிநாட்டில், மீதிப்பேர் டவுனில். பால் கொடுக்க யாரும் ஓடி வருவதில்லை. அந்த மலையைத் தோட்டம் கைவிட்டு வெகுகாலம் ஆகிறது. ஒருநாள் ஏறிப் பார்த்தேன். ஆளுயரத்துக்கு மானாப்புல். அம்மா எந்தக் கான் ஓரத்தில் உட்கார்ந்தாள் என்று கண்டுபிடிக்க முடியவில்லை.