மாமாவின் அகல டயர்

மாமா தன் காரில் அகல டயரை மாட்டிக்கொண்டு வந்து நின்ற அந்தச் சனிக்கிழமையை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் குஷி தாங்காது. அப்போது எனக்கு ஒன்பது வயது. அப்படியொரு கார் மண்ணூரில் எங்கள் தெருவுக்குள் வந்ததே இல்லை என்று அடித்துச் சொல்வேன்.

கார் பழசுதான். அம்மாவின் தம்பியான மாமா, பல வருஷம் கம்பெனி வேன் ஓட்டி வாங்கிய முதல் சொந்த வண்டி. நிறம் அப்பா சொன்னது, சீட் உறை அத்தை சொன்னது, வாங்கிய நாள் ஜோசியர் சொன்னது. டயர் மட்டும்தான் அவராக ஆசைப்பட்டது.

"அக்கா, இன்னா கெத்தா கீது பாரு."

அம்மா பார்த்தாள். ஒரகடம் டயர் கம்பெனியில் லைனில் வரும் ஒவ்வொரு டயரையும் தடவிப் பார்த்துக் குறை கண்டுபிடிப்பது அவள் வேலை. வீட்டிலும் அதே வேலைதான் என்பார் அப்பா.

"கெத்துதான். ஆனா அகலம், கனம். இத்த உருட்டவே பெட்ரோல் எக்கச்சக்கமா குடிக்கும்டா. கடையில திருப்பிக் குடுத்துடு."

"அதெல்லாம் குடிக்காது."

பந்தயம் முடிவாயிற்று. டேங்கை நிரப்பிக்கொண்டு மணிமங்கலம் வரை போய்வந்து, மறுபடி நிரப்ப வேண்டும். இன்று அகல டயர், நாளை பழைய ஒல்லி டயர். அகல டயர் அதிகம் குடித்தால் கடைக்குத் திரும்பிவிடும். கிலோமீட்டரையும் குறித்துக்கொள்ளலாம் என்றார் மாமா.

"மீட்டர நம்பாத. சக்கரம் பெருசானா சுத்து கம்மி, மீட்டரும் கம்மியாத்தான் காட்டும். ஒரே ரோடு, எவ்ளோ குடிக்குதுன்னு மட்டும் பாரு" என்றாள் அம்மா.

ஏசி போடாமல், யாரையும் முந்தாமல் மாமா ஓட்டினார். ஷேர் ஆட்டோகூட எங்களைத் தாண்டிப் போனது. நான் ஜன்னலில் தொங்கிக்கொண்டு எல்லோருக்கும் கையாட்டினேன். பங்க்கில் மறுபடி நிரப்பியபோதுதான் மாமாவின் முகம் தொங்கிப்போயிற்று. வண்டி நன்றாகவே குடித்திருந்தது. அன்று சாயங்காலம் அவர் ஒல்லி டயரை மாட்டியதை என்னால் பார்க்கவே முடியவில்லை.

காற்று குறைந்த டயர் பெட்ரோலைக் கூடுதலாகத் தின்னும் என்று அம்மாவே ஒருமுறை சொல்லியிருந்தாள். ஞாயிறு விடிந்ததும் ஓர் ஊக்கை எடுத்துக்கொண்டு போய், நான்கு ஒல்லி டயரிலும் வால்வை அழுத்தி, இருபது எண்ணும்வரை காற்றைப் பிடுங்கிவிட்டேன்.

கிளம்பும்போது அம்மா வண்டியைச் சுற்றி வந்தாள். பின்சக்கரத்தருகே குனிந்து டயரை அமுக்கிப் பார்த்தாள். நான் ஊக்கைக் கைக்குள் மறைத்துக்கொண்டேன். நிமிர்ந்து, அந்தப் பக்கம் அகல டயர்களை ஈரத்துணியால் துடைத்துக்கொண்டிருந்த மாமாவையே கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"ஏறுங்க, போலாம்."

"ஸ்டியரிங் கனமா கீதே அக்கா" என்றார் மாமா, ஒரகடம் தாண்டியதும்.

"நேத்து அகல டயர் ஓட்டினயில்ல, அப்டித்தான் இருக்கும்."

பங்க்கில் பார்த்தால், ஒல்லி டயர் அகல டயரைவிட ஒரு டம்ளர் கூடவே குடித்திருந்தது. மாமா என்னைத் தூக்கிச் சுற்றினார். ஒரு டயர் கம்பெனியையே ஜெயித்துவிட்ட மாதிரி இருந்தது எனக்கு.

வீட்டுக்கு வந்ததும் மாமா ஒல்லி டயர்களைக் கழற்றப் போனார். அம்மா அவர் கையிலிருந்து ஸ்பேனரைப் பிடுங்கிக்கொண்டாள்.

"நீ இத்தத் தொடாத. போய் சாப்புடு."

நான்கையும் அவளே கழற்றி, ஒவ்வொன்றாகக் கொல்லைப்பக்கம் உருட்டிக்கொண்டு போனாள். தோற்றுப்போன கோபம் என்று நினைத்துக்கொண்டு, நான் அவள் கிட்டேயே போகவில்லை.