தேவகி எழுதச் சொன்னது

பழவேற்காடு ஏரியில் இடுப்பளவுத் தண்ணீரில் குனிந்து, பறி என்னும் ஓலைக்கூடையைப் பல்லால் கவ்விக்கொண்டு, சேற்றைக் கையால் துழாவி இறால் பிடிக்கிறவள் தேவகி. நாற்பதை நெருங்கும் வயது. ஊரில் யாரோடும் அவளுக்குச் சண்டையில்லை. யாரிடமும் நம்பிக்கையும் இல்லை.

ஆறு வருஷத்துக்கு முன் தூக்கம் போய், காதில் குரல்கள் கேட்டு அவள் தெருவில் திரிந்தபோது, "பொன்னேரில புடவை எடுக்கலாம் வா" என்று அண்ணன் கருப்பன் ஆட்டோவில் ஏற்றினான். பாதி வழியில் வலைக்கயிற்றை எடுத்து அவள் கையைக் கட்டினான். ஆஸ்பத்திரியில் நாலு பேர் அமுக்கிப் பிடிக்க ஊசி போட்டார்கள். இரண்டு நாள் கட்டிலோடு கட்டுண்டு கிடந்தாள். உடம்பு தேறி வீடு திரும்பியபின், அண்ணன் வாங்கித் தரும் டீயை அவன் ஒரு வாய் குடித்த பிறகுதான் தொட்டாள்.

அதனால் மனநல நர்ஸ் ஜெபசெல்வி முதன்முதலாக வீடு தேடி வந்தபோது, தேவகி அவளைப் படியேற விடவில்லை.

"இன்னாத்துக்கு வந்த? எங்க அண்ணன் அனுப்பிச்சானா?"

"இல்லக்கா. மறுபடியும் உடம்பு சரியில்லாம போனா உங்களுக்கு இன்னா செய்யணும், இன்னா செய்யக்கூடாதுன்னு நீங்களே இப்பவே எழுதி வைக்கலாம். சட்டத்துல இடம் இருக்கு."

எழுத்து என்றதும் தேவகிக்கு வீட்டு மனைதான் ஞாபகம் வந்தது. கைநாட்டு வாங்கி மனையை அண்ணன் பேருக்கு மாற்றும் தந்திரம் என்றே நினைத்தாள். வெற்றுப் படிவத்தை மட்டும் வாங்கிக்கொண்டாள். ஜெராக்ஸ் கடை பெலிக்ஸிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னாள். அவனும் உடந்தையாக இருந்தால்? அடுத்த வாரம் பொன்னேரி பஸ் ஸ்டாண்டில் முன்பின் தெரியாத ஒரு பெண்ணிடம் நீட்டினாள். இரண்டு பேர் படித்ததும் ஒன்றாகவே இருந்தது.

நான்காம் முறை வந்தபோது, தேவகி சொல்லச் சொல்ல ஜெபசெல்வி எழுதினாள். கட்டக் கூடாது. எங்கே கூட்டிப் போகிறோம் என்று பொய் சொல்லக் கூடாது. ஊசி எதற்கென்று சொல்லிவிட்டுப் போட வேண்டும். தன் சார்பில் பேச அண்ணன் வேண்டாம். கூட இறால் பிடிக்கும் பொன்னியம்மாள் போதும்.

"அவ பேசவே மாட்டாளேக்கா?"

"அதனாலதான்."

சாட்சிக் கையெழுத்து, பதிவு எல்லாம் முடிந்தது. அப்போதும் தேவகி நம்பிவிடவில்லை.

கார்த்திகை மழையோடு நோய் திரும்பியது. மூன்று நாள் தூங்காமல் இருந்தவள், ஒரு காலையில் ஏரியில் இறங்கி நின்றுகொண்டாள். தன்னைப் பிடிக்க மோட்டார் படகுகள் சேதி சொல்லிக்கொள்கின்றன என்றாள். கருப்பன் கயிறோடு வந்தான். பொன்னியம்மாள் குறுக்கே நின்றாள்.

"செத்துப்பூட்டா நீ பதில் சொல்வியா?" என்று அவன் கத்தினான்.

"கயித்தக் கீழ போடு" என்றாள் பொன்னியம்மாள்.

ஜெபசெல்வி வந்து கரையிலேயே நின்றாள். "ஆஸ்பத்திரிக்குத்தான் போறோம். ஊசி போடுவாங்க, சொல்லிட்டுப் போடுவாங்க. பொன்னியம்மாள் கூடவே இருப்பாங்க." இதையே திரும்பத் திரும்பச் சொன்னாள். பொன்னியம்மாள் தண்ணீரில் இறங்கிக் கைக்கெட்டாத தூரத்தில் நின்றாள். உச்சிப் பொழுதும் சாய்ந்த பிறகு, குளிரில் உதடு நீலம் பாரித்த தேவகி தானாகக் கரையேறினாள்.

ஆஸ்பத்திரியில் ஓர் ஊழியர் கட்டுத்துணியை எடுத்தார். பொன்னியம்மாள், தேவகி எழுதி வைத்த காகிதத்தை நீட்டினாள். டாக்டர் படித்துவிட்டுத் துணியை உள்ளே வைக்கச் சொன்னார். ஊசியின் பெயரைச் சொல்லி, தேவகி தலையசைத்த பின் போட்டார். ஆனால் முதல் நாள் அறைக் கதவை வெளியே பூட்டிவிட்டார்கள்.

இருபது நாளில் தேவகி வீடு திரும்பினாள். பார்க்க வந்து வழக்கம்போல் வாசலிலேயே நின்ற ஜெபசெல்வியிடம் அவள் கேட்ட முதல் கேள்வி: "பூட்டு ஏன் போட்டாங்க?"

"தெரியலக்கா. அது தப்பு."

"அதையும் எழுது. பூட்டக்கூடாதுன்னு."

"எழுதறேன். ஆனா எல்லா இடத்துலயும் கேப்பாங்கன்னு என்னால சத்தியம் பண்ண முடியாது."

இத்தனை வருஷத்தில் தேவகியிடம் ஒருத்தர் முடியாததை 'முடியாது' என்று மறைக்காமல் சொல்வது இதுதான் முதல் தடவை.

"உள்ள வா. இங்க வெயிலு" என்றாள்.