ரோஸ்லின் உடைத்த பிளானர்

1. மந்தமாகக் கேட்ட இரும்பு

குட்டியானை வண்டியிலிருந்து நாலு பேர் சேர்ந்து இறக்கிய அந்த இரும்பு மேஜையைச் சுத்தியலால் லேசாகத் தட்டிப் பார்த்தேன். நல்ல காஸ்ட் அயர்ன் என்றால் கோயில் மணி மாதிரி ஒலி நீளும். இது ஓட்டைத் தட்டியது போல ‘டொக்’ என்று நின்றுவிட்டது. உள்ளே எங்கோ கீறல் ஓடியிருந்தது.

பல்லடம் ரோட்டில் நான் பட்டறை நடத்திய காலம். முதலில் நிட்டிங் மிஷின்களின் உடைந்த கால்களையும் பிராக்கெட்டுகளையும்தான் ஒட்டிக்கொண்டிருந்தேன். பிறகு பழைய மில்களில் மரவேலைப் பிரிவை மூடி, சீமையிலிருந்து கப்பலில் வந்த ரம்பங்களையும் மரம் இழைக்கும் பிளானர்களையும் எடைக்குப் போட ஆரம்பித்தார்கள். அவற்றை வாங்கிய ஆசாரிகள் உடைந்த பாகங்களோடு என்னிடம் வந்தார்கள். அந்த இரும்பின் மேல் எனக்கு ஒரு மோகமே உண்டாகிவிட்டது. அதை அரம் போடும்போது வரும் கரிய தூளின் வாசனை இப்போதும் நினைவில் இருக்கிறது.

மேஜையைக் கொண்டு வந்தவர் ஆசீர். சாத்தான்குளம் பக்கத்திலிருந்து வந்து, பனியன் கம்பெனிகளுக்கு கட்டிங் டேபிளும் ரேக்கும் செய்து கொடுத்துக்கொண்டிருந்தவர். இடது கையில் பெரிய கட்டு.

பிளானரில் இரண்டு மேஜைகள் இருக்கும். நடுவில் கத்தி மாட்டிய உருளை சுற்றும். அதற்குக் கட்டர் பிளாக் என்று பெயர். பலகையை முன் மேஜையில் வைத்துத் தள்ளினால், கத்தி சீவி பின் மேஜைக்கு அனுப்பும். உடைந்திருந்தது பின் மேஜை. கத்தியை ஒட்டிய உதடு சில்லுச் சில்லாகப் போயிருந்தது.

“எப்படிங்க தம்பி ஒடஞ்சுது?”

“வண்டியில இருந்து இறக்கும்போது விழுந்துட்டு அண்ணாச்சி.”

விழுந்த இரும்பு மூலையில்தான் உடையும். இதில் மேல்பரப்பு முழுக்கச் சம்மட்டி விழுந்த தழும்பு இருந்தது. அவர் முகத்தைப் பார்த்தேன். மேற்கொண்டு கேட்கவில்லை.

சாக்கில் கொண்டுவந்த சில்லுகளை மேஜையோடு பொருத்திப் பார்த்தேன். உள்ளங்கை அகலத்தில் ஒரு துண்டு இல்லை.

“அந்தத் துண்டு இருந்தா அப்படியே சேத்துப்போடலாமுங்க. இல்லாட்டி அவ்வளவு எடத்தையும் வெல்டிங் ராடுலயே ரொப்போணும். சூடு தாங்காம பக்கத்துல மறுபடி கீறுனாலும் கீறும். நல்லாத் தேடிப் பாருங்க.”

“வீடு முழுக்கத் தேடிட்டேன் அண்ணாச்சி” என்றார்.

2. முடியாது என்று சொல்லுங்கள்

மறுநாள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஒரு பெண் பட்டறைக்கு வந்தார். கழுத்தில் கம்பெனி அடையாள அட்டை தொங்கியது. துப்பட்டாவில் பஞ்சுத் தூசி.

“நான் ஆசீர் வீட்டுக்காரி, ரோஸ்லின். ஓவர்லாக் டைலர். ஒரு உதவி செய்யணும் அண்ணாச்சி. இதை ஒட்ட முடியாதுன்னு அவங்ககிட்ட சொல்லிருங்க. நீங்க சொன்னா நம்பிருவாங்க.”

சீக்கிரம் ஒட்டிக் கொடு என்று என்னிடம் கெஞ்சியவர்கள் உண்டு, சண்டை போட்டவர்களும் உண்டு. ஒட்டாதே என்று வந்து நின்றவர் இவர் ஒருவர்தான்.

“ஏனுங்க அம்மிணி?”

“நான்தான் ஒடச்சேன்.”

பிறகு நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். ஒரு சின்னக் கட்டையை இழைக்கும்போது அது துள்ளி எகிறியிருக்கிறது. அழுத்திப் பிடித்திருந்த கை கத்திக்குள் போய்விட்டது. சுண்டு விரலையும் பக்கத்து விரலையும் ஆஸ்பத்திரியில் காப்பாற்ற முடியவில்லை. வீட்டுக்கு வந்த அன்றைக்கே ஆசீர், கட்டுப் போட்ட கையோடு மிஷினைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தாராம்.

“அதைத்தான் என்னால தாங்க முடியல. விரலைத் தின்ன மிஷினைப் பிள்ளையக் குளிப்பாட்டுத மாதிரி துடைக்காங்க. பக்கத்துல வீடு கட்டுத சைட்ல கெடந்த சம்மட்டியத் தூக்கிட்டு வந்து அடிச்சேன். அவங்க ஒரு வார்த்தை பேசல. இன்னைக்கு வரைக்கும் பேசல.”

ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டேன். அவர் உட்காரவில்லை.

“நான் முடியாதுன்னு சொன்னா அவரு வேற பட்டறைக்குத்தான் போவாருங்க. அங்க எப்படியோ ஒட்டிக் குடுத்துருவாங்க. மிஷின் பழையபடியேதான் ஓடும்” என்றேன்.

மேஜையோடு வந்திருந்த கட்டர் பிளாக்கை அவரிடம் காட்டினேன். பழைய காலத்துச் சதுர பிளாக். சுற்றும்போது அதன் மூலைகளுக்கு நடுவே பெரிய பள்ளம் விழும். விரல் பட்டால் சீவுவதோடு விடாது, உள்ளே இழுக்கும். மேஜையின் பக்கவாட்டைத் துடைத்தேன். கிரீஸ் அடைத்துக் கிடந்த இரண்டு துளைகள் தெரிந்தன.

“இது கார்டு மாட்டுற எடம். கத்திக்கு மேல ஒரு காவல் இருந்திருக்கோணும். மில்லுலயே யாரோ கழட்டி வீசியிருக்காங்க.”

அவர் அந்தத் துளையில் விரலை வைத்துப் பார்த்தார்.

“காவல் இருந்தா விரல் போயிருக்காதா?”

“அப்படி அடிச்சுச் சொல்ல மாட்டேனுங்க. கத்தி கத்திதான். ஆனா பிளாக்கை உருண்டையா மாத்தி, மேல காவலும் போட்டா, இந்த மாதிரி கையை உள்ள இழுக்காது.”

விரலில் ஒட்டிய கிரீஸைத் துடைத்துக்கொண்டு கம்பெனிக்குத் திரும்பிப் போய்விட்டார்.

3. துண்டு வந்தது

அடுத்த நாள் அதே நேரத்துக்கு மறுபடி வந்தார். சாப்பாட்டுப் பையிலிருந்து, வெட்டுத்துணியில் சுற்றிய ஒன்றை எடுத்து என் பெஞ்சின் மேல் வைத்தார். அந்தத் துண்டுதான்.

“இது இல்லன்னா சரியாச் சேக்க முடியாதுன்னு அவங்க பக்கத்து வீட்டுக்காரங்ககிட்ட சொல்லிட்டுக் கெடந்தாங்க. என் தையல் மிஷின் பொட்டிக்குள்ளதான் ஒளிச்சு வச்சிருந்தேன்.”

உடைந்த இடத்தில் வைத்துப் பார்த்தேன். இரும்பின் மணியோடு மணி கோத்துக்கொண்டு உட்கார்ந்தது.

“காவல் போடாம மிஷினைக் குடுக்கக் கூடாது” என்றார்.

“குடுக்க மாட்டேனுங்க அம்மிணி.”

4. சாம்பலுக்குள்

இந்த இரும்புக்கு அவசரம் ஆகாது. ஒரு பக்கம் மட்டும் சூடேறினால் மறுபக்கம் கீறிவிடும். கீறலின் முனையில் சின்னத் துளை போட்டு அது மேலே ஓடாமல் நிறுத்தினேன். உடைந்த விளிம்புகளைச் சாய்வாகக் கிரைண்ட் செய்தேன். செங்கல் அடுக்கிக் கரி போட்டு மேஜை முழுவதையும் ஒரே மாதிரி சூடாக்கினேன். நிக்கல் ராடில் கொஞ்சம் வெல்டிங் வைப்பதும், சிறு சுத்தியலால் அதைத் தட்டி, ஆறும்போது வரும் இழுவையைத் தளர்த்துவதுமாக வேலை போனது. முடிந்ததும் சாம்பலைக் கொட்டி மூடினோம்.

அது ஆறும் வரை ஆசீர் பட்டறையிலேயே உட்கார்ந்திருந்தார். சும்மா இருக்கச் சொன்னால் கேட்கவில்லை. ஒரு வேப்பங்கட்டையைக் காலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு வலது கையால் செதுக்கினார். பலகையைத் தள்ளுவதற்கான கைப்பிடிக் கட்டை. கை கத்திப் பக்கம் போகாமல் இதை வைத்துத்தான் தள்ள வேண்டும். செதுக்கிக்கொண்டே கேட்டார்:

“துண்டை அவதான் கொண்டுவந்தாளா?”

“ஆமாங்க.”

“நான் அவகிட்ட கோவப்படல அண்ணாச்சி. வெட்கமா இருந்துச்சு. என்ன பேசன்னு தெரியல.”

“அதை என்கிட்டச் சொல்லி என்னங்க ஆகப்போகுது?” என்றேன். சிரித்துவிட்டார். அவர் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

சாம்பலை விலக்கி, மண்ணெண்ணெய் தடவித் துடைத்து, சாக்பவுடர் தூவினேன். கீறல் இருந்தால் எண்ணெய் கசிந்து கோடு தெரியும். ஒன்றும் தெரியவில்லை. தட்டிப் பார்த்தேன். ஒலி நீண்டது. ஆசீர் எழுந்து என் கையிலிருந்த சுத்தியலை வாங்கித் தானும் ஒருமுறை தட்டிக் கேட்டார்.

5. ஞாயிற்றுக்கிழமை

மேல்பரப்பில் மேடு காட்டும் புளூ மை தடவி, மேடு தெரிந்த இடங்களைச் சுரண்டிச் சமமாக்கினேன். கோயமுத்தூரில் லேத் போடுகிற நண்பர் உருண்டை பிளாக் செய்து கொடுத்தார். கத்தியின் குறுக்கே இறக்கி ஏற்றுகிற மாதிரி அலுமினியக் காவலை நானே செய்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர்கள் வீட்டுக்குப் பின்னால் இருந்த கொட்டகையில் மிஷினைப் பூட்டி முடித்தோம்.

சுவிட்ச் போட்டாயிற்று. ஆசீர் பலகையை முன் மேஜையில் வைத்தார். இரண்டு கையாலும் கைப்பிடிக் கட்டையைப் பிடித்திருந்தார். ஆனால் தள்ளவில்லை. நான் போய்ச் சுவிட்சை அணைக்கலாமா என்று யோசித்தேன்.

வாசலில் நின்றிருந்த ரோஸ்லின் துப்பட்டாவை இழுத்துப் பின்னால் இறுக்கி முடிந்துகொண்டு உள்ளே வந்தார். பின் மேஜையின் கோடியில், கத்திக்கு எட்டாத தூரத்தில் நின்றார்.

“நீங்க மெதுவா தள்ளுங்க. நான் இந்தப் பக்கம் வாங்குதேன்.”

பலகை நகர்ந்தது. காவலுக்கு அடியில் புகுந்து, ஒட்டிய உதட்டின் மேல் தட்டாமல் ஏறி, ரோஸ்லின் கைக்கு வந்தது. அவர் இழைத்த பக்கத்தைத் தடவிப் பார்த்தார்.

“இங்கன கொஞ்சம் சொரசொரங்குது” என்றார்.

“அது மரத்தோட நார் ஓடுத வாக்கு. திருப்பிப் போட்டாச் சரியாயிரும்” என்றார் ஆசீர்.

அவ்வளவுதான் பேசினார்கள். நான் சாமான்களைப் பையில் அள்ளிப் போட்டுக்கொண்டு கிளம்பினேன்.

அதுவரை எந்தப் பாகம் வந்தாலும் எங்கே உடைந்தது, எப்படி ஒட்டுவது என்று மட்டும்தான் பார்ப்பேன். அதற்குப் பிறகு எதை இறக்கினாலும் முதலில் காவல் மாட்டும் துளையைத்தான் துடைத்துப் பார்த்தேன். காவல் வேண்டாம், வேலைக்கு இடைஞ்சல் என்று சொன்னவர்களின் பாகங்களைத் தொடாமலே திருப்பி அனுப்பியிருக்கிறேன். சிலர் கோபித்துக்கொண்டு திரும்ப வரவே இல்லை. இன்றைக்குப் பட்டறையை நடத்துகிற என் மகளிடம் இதை ஒரு விதியாக நான் சொன்னதில்லை. ரோஸ்லின் கதையைத்தான் சொன்னேன். அவளும் பெஞ்சில் பாகம் ஏறுவதற்கு முன்னால், “ஏனுங்க, இந்த மிஷினை ஓட்டுறது யாருங்க?” என்று கேட்டுவிட்டுத்தான் சுத்தியலை எடுக்கிறாள்.