வெளுத்த காயின் படம்

பிள்ளைகளா, வெளுத்த காய் என்று சொல்லி இன்னும் என்னைக் கேலி செய்கிறீர்கள். என் பக்கம் நடந்ததையும் எழுதிவைக்கிறேன், படித்துவிட்டுச் சிரியுங்கள்.

கடலையே பார்க்காத உங்கள் அம்மாவை, அவளுக்குத் தெரியாமல் ராமேஸ்வரம் கூட்டிப்போக வேண்டும் என்பது உங்கள் திட்டம். மலையில் நான் வேலை பார்க்கும், ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோரில் என்றைக்கு லீவு என்று தெரிந்தால்தான் பெரியவள் ரயில் டிக்கெட் எடுக்க முடியும். கீழே போடியில் நம் வீட்டிலோ ஒரே போன். பேசினால் அம்மா ஸ்பீக்கரில் போடுவாள். எழுதி அனுப்பினால் அவள்தான் முதலில் படிப்பாள்.

அதனால் பெரியவள் எனக்கு ஒரு வித்தை சொல்லிக்கொடுத்தாள். போனில் எடுக்கும் படம் முழுக்கப் பொடிப்பொடிப் புள்ளிகள். ஒவ்வொரு புள்ளியின் நிறத்துக்கும் எண் உண்டு. அந்த எண்களில் துளி கூட்டி, துளி குறைத்து, உள்ளே எழுத்தை ஒளித்துவிடும் ஓர் ஆப். பார்க்கிற கண்ணுக்கு எந்த மாற்றமும் தெரியாது; அதே ஆப்பில் திறந்தால்தான் எழுத்து வரும். "படமா அனுப்பாதீகப்பா, சுருக்கிப்புடும், எழுத்து போயிரும். பைலா அனுப்புங்க" என்று மூன்று தடவை சொன்னாள்.

லீவு கிடைத்த அன்று, உலர்ந்த காயைக் குவித்துப் படம் எடுத்தேன். "ஞாயிறு சாயங்காலம், நாலு டிக்கெட்" என்று உள்ளே ஒளித்தேன். அனுப்பும் முன் பார்த்தால் காய் வெளுப்பாகத் தெரிந்தது. இத்தனை வருசமாகப் பச்சை பார்த்துத் தரம் பிரிக்கிறவன், வெளுத்த காயை எப்படி அனுப்புவேன்? போனிலேயே கொஞ்சம் பச்சையை ஏற்றி அனுப்பினேன்.

சற்று நேரத்தில் பெரியவள் கூப்பிட்டாள், கிசுகிசுவென்று.

"உள்ள ஒண்ணுமே இல்லப்பா. என்ன செஞ்சீக?"

"ஒண்ணும் செய்யலையே ஆத்தா. லேசாப் பச்சை ஏத்துனேன்."

"போச்சு. நிறத்தைத் தொட்டா எழுத்து அழிஞ்சிரும்பா. வெளுத்ததையே அனுப்புங்க, வெரசா. அம்மா மாவு அரைக்கப் போயிருக்கு."

மனசே இல்லாமல் அனுப்பினேன். கிழமையை அந்தப் போனிலேயே வாயால் சொல்லியிருக்கலாம்; அது அப்போது இரண்டு பேருக்குமே தோன்றவில்லை. டிக்கெட்டும் எடுத்தாயிற்று. சாயங்காலம் அம்மா கூப்பிட்டாள்.

"ஏங்க, ஒடம்புக்கு எதுவும் முடியலையா?"

"நல்லாத்தான் இருக்கேன். ஏன்?"

"ஒரே காயை ரெண்டு தடவை அனுப்பியிருக்கீக. ஒண்ணு வெளுத்துக் கெடக்கு. நீங்க வெளுத்த காயைக் காட்டுற ஆளா?"

நீங்கள் இருவரும் பின்னால் சிரிப்பை அடக்குவது ஸ்பீக்கரில் கேட்டது. கேமரா சரியில்லை என்று சொல்லிவைத்தேன். அவள் நம்பவில்லை. ஆனால் கண்டுபிடிக்கவும் முடியவில்லை.

மதுரையில் ஒரு விசேஷம் என்று சொல்லித்தான் அவளை ரயிலேற்றினோம். அங்கே ராமேஸ்வரம் ரயிலுக்கு மாறும்போது உண்மையைச் சொன்னோம். "அந்த வெளுத்த காய்ல என்னமோ இருக்குன்னு நெனச்சேன்" என்றாள். மறுநாள் முழங்கால் வரை கடலில் நின்றுகொண்டு, அலை அடிக்கும்போதெல்லாம் நம் மூவரையும் திட்டினாள். கரைக்கு மட்டும் வரவில்லை.

மலைக்குத் திரும்பியதும், ஸ்டோரில் ஆளில்லாத நேரம் பார்த்து, அவள் கடலில் நிற்கும் படத்தைத் திறந்தேன். வெயிலில் அதுவும் கொஞ்சம் வெளுத்துத்தான் இருந்தது. அதற்குள் அவளுக்கென்று இரண்டு வரி எழுதி ஒளித்தேன். நிறத்தைத் தொடவில்லை.